பத்தியக் கஞ்சியும் பாழாய்ப்போன வலது கையும்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது கால்வாசிதான். கலக்கிய மருந்தை நோயாளியின் சொந்தக்காரர்களிடமிருந்து காப்பாற்றி அவர் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி முக்கால்வாசி. வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, வந்து போகிறவர்கள் சொல்லும் யோசனைகளையெல்லாம் தலையாட்டிக் கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். டவுனில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். அவர் சென்னையில் படித்துவிட்டு வந்தவர். பக்கவாதம் வந்து படுத்தவர்கள் பல பேர் வாதத்தால் சாவதில்லை, வீட்டார் போடும் பட்டினியால்தான் சாகிறார்கள் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குக் கால் நான்தான். காலையில் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்ததும் சைக்கிளைக் கொடுத்து அனுப்பிவிடுவார். படுத்தவரை உட்காரவைக்க வேண்டும், உட்கார்ந்தவரை நிற்கவைக்க வேண்டும், நின்றவரை நடக்கவைக்க வேண்டும். நடுவில் சோறு உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு அப்போது பெயரே கிடையாது. என் மனைவி மட்டும் "ஊரார் வீட்டுக்குச் சோறூட்டப் போற உத்தியோகம்" என்று ஒரு பெயர் வைத்திருந்தாள்.

நான் போய்வந்த வீடுகளில் திருக்கோகர்ணத்துச் சுப்பையா வீட்டை மட்டும் இங்கே சொல்கிறேன். சுப்பையா கல்யாணச் சமையல்காரர். ஐம்பது தாண்டியவர். திருமயம் பக்கத்துச் செட்டியார் ஊர்களில் பெரிய விசேஷம் என்றால் அவர் கைதான். ஆவணி மாதம் ஒரு விசேஷத்தில் சாம்பாரைத் துழாவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. தை மாதம் ஒரு செட்டியார் தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அந்த வீட்டு விசேஷமெல்லாம் சுப்பையா செய்ததுதான். ஆனால் அங்கே வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. செட்டியாரே சமையல்காரர் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவார். சமையல்காரர் வலது கையால் வாங்கிக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்தது. மார்கழியில் நல்ல காரியம் கிடையாது என்பதால் தட்டு கார்த்திகை முடிவதற்குள் வந்தாக வேண்டும். அதற்குள் சுப்பையாவின் வலது கை நீளுமா என்பதுதான் அந்த வீட்டுக் கவலை. நீட்டவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படுத்தால்தான் நோயாளி

முதல் நாள் நான் போனபோது சுப்பையா மல்லாக்கப் படுத்திருந்தார். அவர் மனைவி மீனாட்சி பாலாடையால் கஞ்சியை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். கஞ்சி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அரிசி எட்டிப் பார்த்துவிட்டுப் போன வெந்நீர் அது. ஒவ்வொரு வாய்க்கும் சுப்பையாவுக்குப் புரை ஏறி, கண் பிதுங்கியது. பக்கத்தில் மேற்பார்வைக்கு நின்றவர் மீனாட்சியின் அண்ணன் ராமசாமி. டவுனில் அரிசி மண்டி வைத்திருந்தார். பத்தியம் முழுக்க அவர் பொறுப்பு. உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது. பருப்பு வாயு, முட்டை சூடு, பால் கபம், தயிர் குளிர்ச்சி, மீன் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஆயிரம் இலைக்குச் சாப்பாடு போட்ட மனுஷனுக்கு மிஞ்சியது அந்த வெந்நீர்தான்.

டாக்டர் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்: நீர்க்கக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போகும், கெட்டியாகக் குழைத்துக் கொடு, உட்காரவைத்துக் கொடு. நான் ஓர் அரிசி மூட்டையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதில் சுப்பையாவைச் சாய்த்து உட்காரவைத்தேன். கஞ்சியின் அடியில் கிடந்த சோற்றை மசித்து, நல்ல பக்கத்துக் கன்னத்தோரம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். ஒரு இருமல்கூட இல்லாமல் ஆறு வாய் இறங்கியது. பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பில் ராமசாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, படுத்த ஆளை இப்படி ஒக்கார வச்சா, பாக்க வர்ற நாலு பேரு இவரை நோயாளின்னு நம்புவாங்களா?"

புறாவின் பங்கு

ஒரு வாரம் கழித்துப் போனேன். சுப்பையாவின் வலது கால் முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே ரத்தம். ஈ மொய்த்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று நினைத்துப் பையைத் திறந்து பஞ்சையும் அயோடினையும் அவசர அவசரமாக எடுத்தேன். ராமசாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அது சுப்பையாவின் ரத்தம் இல்லை, மாடப்புறா ரத்தம். சூட்டோடு தடவி வெயில் ஏறும்வரை காயவிட வேண்டுமாம். விழுந்த கால் எழுந்துவிடுமாம். இந்த வைத்தியத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து சொல்லியிருப்பார்.

அடுப்படியிலிருந்து மிளகு வறுத்த வாசம் தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது. ரத்தம் கொடுத்த புறாவின் மீதி எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் கொடுத்த பட்டியலில் கறிச்சாறு மூன்றாவதாக இருந்தது. ரத்தத்தைக் காலில் தடவுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கறியை மட்டும் சாறாக்கி அவருக்குக் கொடுத்தால் உடம்பில் கொஞ்சம் சதை பிடிக்குமே என்று எவ்வளவோ பணிவாகத்தான் கேட்டேன். ராமசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மருந்து இருக்கிறது ரத்தத்துலங்க. கறியில வெறும் ருசிதான் கெடக்கு, அது நோயாளிக்கு ஆகாது. அதைத்தான் நான் பாத்துக்கிறேன்ல."

விசாரிக்க வந்தவர்கள்

சுப்பையா கையால் சாப்பிட்டவர்கள் ஜில்லா முழுக்க இருந்தார்கள். அத்தனை பேரும் விசாரிக்க வந்தார்கள். சாத்துக்குடி, பன்ரொட்டி, திராட்சை என்று வந்து குவிந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர், தன் மகள் நிக்காஹுக்குச் சுப்பையா காய்கறி சமைத்துக் கொடுத்த நன்றிக்கு, ஓலைப்பெட்டியில் சுறா மீன் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். எனக்கு வாயெல்லாம் பல். சுறாவை அவித்து உதிர்த்தால் பல்லே வேண்டாம். வாதக்காரர் விழுங்குவதற்கு அதைவிட மெத்தென்ற சாப்பாடு கிடையாது. மறுநாள் போய்க் கேட்டால், வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாமல் சுறாவைப் புட்டு செய்து பரிமாறிவிட்டார்களாம். பழமும் ரொட்டியும் அப்படித்தான். நோயாளிக்கு வந்த பண்டமெல்லாம் நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

வரவே வராத ஆள் ஒருவர்தான். ரெங்கன். நாற்பது வயது. பன்னிரண்டு வருஷமாகச் சுப்பையாவோடு நின்று சமைத்தவர். சுப்பையா சரிந்த அன்று அவர் கைக்கரண்டியை வாங்கி மிச்சச் சமையலை முடித்ததும் ரெங்கன்தான். அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தை மாதக் கல்யாணத் தட்டுக்காகக் காத்திருக்கிறான் என்று மீனாட்சி பொருமிக்கொண்டிருந்தார். நான் அந்த வழக்குக்குள் தலையைக் கொடுக்கவில்லை. என் கவலையெல்லாம் சாத்துக்குடி. அன்றைக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த பழத்தை, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் உரித்துச் சுளை சுளையாக வாயில் போட்டுக்கொண்டே கண் கலங்கினார்.

"பாவம், எத்தனை பேரு வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டவரு! இவருக்கு இப்ப ஒரு சொளைகூட எறங்கலையாமே!"

முதல் வார்த்தை

புரட்டாசி பாதியில் ஒரு காலை. மீனாட்சி கஞ்சியைக் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுப்பையா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உதடு கோணிக் கோணி அசைந்தது. பேச்சு வரப்போகிறது என்று மீனாட்சி போட்ட சத்தத்தில் வீடு முழுக்கக் கட்டிலைச் சுற்றி நின்றது. அவர் தன் பெயரைச் சொல்வார் என்று மீனாட்சி எதிர்பார்த்தார்; அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ராமசாமி எல்லோரையும் கையமர்த்தி, சாமி பேரைச் சொல்லப்போகிறார் என்று அறிவித்தார். என் பெயரைச் சொன்னால் நன்றாக இருக்குமே என்று எனக்கும் ஒரு சபலம். சுப்பையா வேர்த்து விறுவிறுத்து, கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உ...ப்பு."

மீனாட்சி உப்புச் சட்டியை எடுக்க ஓடினார். ராமசாமி அடுப்படி வாசலில் கையை நீட்டி மறித்தார். ரத்தக் கொதிப்பு இருப்பதால் டாக்டர் உப்பை அளவாகத்தான் போடச் சொல்லியிருந்தாரே தவிர அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் டாக்டர் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டு ஒரு சிட்டிகை வாங்கினேன். குழைந்த சோற்றில் பருப்பு நீரை விட்டு, உப்பைத் தூவிப் பிசைந்து கொடுத்தேன். சுப்பையா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் அடுத்த வாயை மசித்தேன். ராமசாமி மட்டும் மசியவில்லை.

"பேச்சு வந்ததுமே பத்தியத்தை ஒடைக்கச் சொல்லுது பாருங்க. இன்னும் மூளை தெளியலைங்கிறதுக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

மண்டித் தராசு

அன்றிலிருந்து மீனாட்சி என் பக்கம் சேர்ந்துவிட்டார். அண்ணன் மண்டிக்குப் போனதும் அவித்த முட்டை மசித்த சோற்றுக்குள் மறையும், முருங்கைக்கீரை பருப்புக்குள் மறையும். சாப்பாடு சதையில் ஒட்டுகிறதா என்று தெரிய வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொன்னார் டாக்டர். எங்களிடம் இருந்தது குழந்தைகளை நிறுக்கும் தராசு. சுப்பையாவை அதில் வைத்தால் தராசுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். ஊரில் ஆளைத் தாங்குகிற தராசு என்று பார்த்தால் ராமசாமியின் மண்டியில்தான் இருந்தது. அவரும் மறுக்கவில்லை. தராசு விஷயத்தில் அவருக்கு அப்படி ஒரு பக்தி.

சனிக்கிழமைதோறும் ஒற்றை மாட்டு வண்டியில் சுப்பையாவை ஏற்றிக்கொண்டு போவோம். இரண்டு அரிசி மூட்டைகளை நிறுத்து இறக்கிய தட்டில் ஒரு பலகையைப் போட்டு அவரை உட்காரவைப்போம். நான் முதுகுப் பக்கம் குந்தி, அவர் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். முதல் வாரம் அவர் ஒரு மூட்டைக்கு எவ்வளவோ குறைவாக நின்றார். பார்த்துக்கொண்டிருந்த வியாபாரிகள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் அப்படியே நின்றது. நாலாம் வாரம் தராசு முள் அசைந்தது. ராமசாமி கல்லாவிலிருந்து எழுந்து வந்து முள்ளைக் குனிந்து பார்த்தார். எதைக் கொடுத்தீர்கள் என்று என் காதோடு கேட்டார். முட்டை என்றேன். அவர் வாயைத் திறக்குமுன் எடை போடுகிற ஆள் முந்திக்கொண்டான். இருபது வருஷமாக மூட்டையைத் தவிர வேறு எதையும் நிறுத்தறியாதவன்.

"மொதலாளி, இது போன வாரத்தைவிடக் கூட நிக்கிது. எங்கயோ ஈரம் பட்டிருக்கும். காயவச்சுட்டு மறுக்கா நிறுப்பமா?"

என் வீட்டில் நடந்த பரிசோதனை

ஐப்பசியில் சுப்பையா தடியை ஊன்றி நாலு எட்டு வைத்தார். பேச்சும் துண்டு துண்டாக வந்துவிட்டது. வலது தோளும் முழங்கையும் கொஞ்சம் அசைந்தன. விரல்களை நான் தினமும் பிரித்துப் பிரித்துவிட்டதில் மூடித் திறக்கவும் செய்தன. ஆனால் அந்தக் கையை அவர் எதற்கும் எடுப்பதில்லை. மூன்று வேளையும் மீனாட்சி ஊட்டிவிட்டார். தானே சாப்பிட்டால்தான் வயிறாரச் சாப்பிடுவார், நல்ல கையான இடது கையால் சாப்பிடச் சொல் என்றார் டாக்டர். நான் போய்ச் சொன்னேன். சுப்பையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கரண்டி கொடுத்தேன். தட்டிவிட்டார். பந்தி நடுவே இடது கையால் அப்பளம் வைத்த ஒருவனை அந்த இடத்திலேயே வேலையை விட்டு விரட்டியவர் அவர் என்று மீனாட்சி சொன்னார். நானும் விடவில்லை. இரண்டு கையும் சாமி கொடுத்ததுதான், ஒன்றுக்கு மட்டும் ஏன் தீட்டு என்று ஒரு வாரம் பிரசங்கம் செய்தேன். திருக்கோகர்ணத்தில் அந்த ஒரு வாரத்தில் என்னைவிடப் பெரிய சீர்திருத்தக்காரன் கிடையாது.

சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் எதிரில் தடுமாறக் கூடாதே என்று ஒரு மத்தியானம் என் வீட்டிலேயே பழகிப் பார்த்தேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையைச் சோற்றில் வைத்ததுதான் தாமதம், என் மனைவி இலையை என் முன்னாலிருந்து உருவிக்கொண்டாள். டாக்டர் உத்தரவு என்றேன். வைத்தியம் என்றேன். நோயாளியின் உயிர் என்றேன். இலை திரும்பி வரவில்லை.

"டாக்டர் சொன்னாருன்னா டாக்டரு வீட்டுலயே போய்த் தின்னுங்க. எனக்குத் தாலி கட்டுனது எந்தக் கையாலன்னு ஞாபகம் இருக்கா?"

நடவுக்குப் போன நாள்

மீனாட்சிக்கு வல்லத்திராக்கோட்டையில் கொஞ்சம் நிலம் இருந்தது. நடவு அன்று அவர் நேரில் போயே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஊட்டிவிடுவதாக ஏற்பாடு. சாம்பார் விட்டுப் பிசைந்த சோற்றைக் கும்பாவில் போட்டு மூடி, கட்டில் பக்கத்தில் முக்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்று பார்த்து யாரோ விருந்தாளி வந்து, அவள் மறந்தே போனாள். நான் மத்தியானம் தாண்டிப் போனேன். கதவைத் தள்ளினால், பாய் முழுக்கச் சோறு. வேட்டியில் சோறு, மார்பில் சோறு, மீசையில் சோறு. யாரோ வந்து நோயாளியை அடித்துப்போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. சுப்பையாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலது கை கும்பாவுக்குள் இருந்தது. நடுங்கிக்கொண்டே சோற்றை அள்ளியது, பாதி வழியில் சிந்தியது, மறுபடி போய் அள்ளியது. பசித்தவருக்கு அந்தக் கையை விட்டால் வேறு கை இல்லை; இடது கையை அவர் கையாகவே எண்ணவில்லை. என்னைக் கண்டதும், "பெருங்காயம்... தூக்கல்" என்று குழறினார்.

நான் சைக்கிளை மிதித்த மிதியில் டாக்டர் வீட்டு வாசலில்தான் மூச்சு விட்டேன். மாதக்கணக்கில் நான் பிரித்துவிட்ட விரல்கள் செய்யாததை ஒரு வேளைப் பசி செய்துவிட்டது என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் முழுவதையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எடது கையால சாப்பிட அவர் சம்மதிச்சிருந்தா வலது கை அப்படியே கெடந்திருக்கும். நல்லவேளை, நம்ம ரெண்டு பேர் பேச்சையும் அவர் கேக்கலை."

கதவுக்குப் பின்னால்

அன்றிலிருந்து புது உத்தரவு: யாரும் ஊட்டக் கூடாது. கும்பா நழுவாமல் அடியில் ஈரத்துணியை மடித்துப் போட வேண்டும். சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சிந்தினால் சிந்தட்டும். சொல்வதற்குச் சுலபம். முன்பு பாலாடையும் கையுமாக எல்லோரும் ஊட்டியபோது அவர் பட்டினி கிடந்தார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது அவர் தானாகச் சாப்பிட்டபோது, கட்டின புருஷனுக்கு ஒரு வாய் ஊட்டாமல் வேடிக்கை பார்க்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு.

அந்த ஒரு கும்பாச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சில நாள் பாதியில் கை ஓய்ந்து விழுந்துவிடும். அவர் ஆத்திரத்தில் இடது கையால் வலது கையையே ஓங்கி அடிப்பார். மீனாட்சி கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பார். ஊட்ட ஓடிவிடாதபடி அவரைப் பிடித்து நிறுத்துவதும் என் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. நோயாளியிடம் பட்ட பாடு ஒன்றுமில்லை. இந்த அம்மாளை நிறுத்திவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. ஒருநாள் அவர் என் கையை உதறிவிட்டுச் சொன்னார்.

"என்னையும் வாதம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாம், கம்பவுண்டரய்யா. இதைப் பாக்காம நானும் பக்கத்துலயே படுத்துக் கெடந்திருப்பேன்."

வெற்றிலை பாக்கு

கார்த்திகை கடைசி வாரம் செட்டியாரின் கார் தெருமுனையில் வந்து நின்றது. செட்டியார் இறங்கினார், அவர் மனைவி ஆச்சி இறங்கினார், முன் சீட்டிலிருந்து ரெங்கனும் இறங்கினார். அவரைப் பார்த்ததும் மீனாட்சியின் முகம் இருண்டது. சுப்பையாவால் வாங்க முடியாத பட்சத்தில் இங்கேயே தட்டை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று அழைத்துவந்திருக்கிறார்கள், வேறென்ன? ரெங்கன் உள்ளே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நின்றார். நான் தூணோரம் ஒதுங்கினேன். சுப்பையா முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டி, இடது கையில் தடியோடு எழுந்து நின்றார்.

செட்டியார் நல்ல மனுஷர். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தயங்கினார். பிறகு சுப்பையாவின் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். வலது கை கிளம்பியது. தோள் அசைந்தது, முழங்கை நிமிர்ந்தது, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒவ்வொரு விரலையும் நான் தூணோரத்திலிருந்து மனசால் இழுத்துக்கொண்டிருந்தேன். தட்டு உள்ளங்கையில் உட்கார்ந்தது. கை நடுங்கியதில் கொட்டைப்பாக்கு தட்டில் உருண்டு சத்தமிட்டது. ஒன்றும் விழவில்லை. மீனாட்சி வாய்விட்டு அழுதார். ராமசாமி எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தினார். ஜில்லாவிலேயே என்னைப்போல் வைத்தியன் இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சுப்பையா வாசலைப் பார்த்து, "ரெங்கா, இங்கிட்டு வா" என்றார். ரெங்கன் வந்ததும் அதே வலது கையால் தட்டை அவரிடம் நீட்டினார். "அண்ணே, வேணாம்ணே. இதுக்குப் பயந்துக்கிட்டுத்தாண்ணே நான் வாரதே இல்லை" என்று ரெங்கன் கைகூப்பிப் பின்வாங்கினார். சுப்பையாவின் கை இறங்கவில்லை. நடுங்கிக்கொண்டே நீட்டியபடி நின்றது. கடைசியில் ரெங்கன் அழுதுகொண்டே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். செட்டியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

கார் போன பிறகு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆவணியிலிருந்து கார்த்திகைவரை நான் மிதித்த சைக்கிள், மீனாட்சி கதவுக்குப் பின்னால் நின்ற நிற்பு, பாயில் சிந்திய சோறு எல்லாம் அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கத்தானா? அப்படியே கேட்டும்விட்டேன். தொழிலைக் கொடுப்பதாக இருந்தால் இடது கையாலேயே என்றைக்கோ கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டேன். சுப்பையா கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"சோத்துக் கொப்பரை எறக்குற கை இனிமே திரும்பாதுன்னு எனக்கு ஐப்பசியிலயே தெரியும், கம்பவுண்டர். ஆனா பன்னெண்டு வருசம் கூட நின்னவனுக்கு எடது கையால கொடுத்தா, அவன் தொழில் வெளங்குமா?"

எத்தனையோ பேரின் கையை மடக்கி நீட்டியிருக்கிறேன், ஆனால் அந்தக் கை எதற்காக நீளப் பார்க்கிறது என்பதை மட்டும் எந்த நோயாளியும் கம்பவுண்டரிடம் முன்கூட்டிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.